பொருந்திய ரத்தமும் ஆகாமல் போவது ஏன்?

அம்பாங்கான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ரத்தம் பார்ப்பது என்றால் டிரசர்தான். காய்ச்சல் என்று போய் நின்றால் விரல் நுனியில் ஓர் ஊசிக் குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு. மலேரியாவா, இல்லையா? அதற்கு மேல் அந்தச் சொட்டிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. முப்பது வருடம் பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்குத் தன் ரத்தம் என்ன வகை என்பது தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அதுவும் சிரம்பானில் ஓர் அறுவைச் சிகிச்சைக்காகப் படுத்தபோது.

அண்மையில் கோயில் மண்டபத்தில் நடந்த ரத்ததான முகாமில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த தாதி, "உங்கள் வீட்டில், சொந்தத்தில் யாருக்காவது ஆர்எச் நெகட்டிவ் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குத்தான் பாசிட்டிவ் ஆயிற்றே, சொந்தக்காரர்களை ஏன் விசாரிக்கிறார் என்று பார்த்தேன். "இந்தியர்களிடம்தான் அது அதிகம், அதனால் கேட்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர் என்று எடுத்துக்கொண்டால் ஆர்எச் நெகட்டிவ் உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இந்தியர்களிடம் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அது உண்டு. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவாக இருக்கும் நாம், இந்த அரிய ரத்தத்தில் பெரும்பங்கை உடம்பில் வைத்துக்கொண்டு நடமாடுகிறோம். அது நம்மில் பலருக்குத் தெரியாது.

யாருக்கு எந்த ரத்தம் ஆகும், ஆகாதவருக்கு எங்கே போய்த் தேடுவது? இந்தக் கேள்வியோடு ஆய்வு வாழ்க்கையை நடத்தியவர்களில் ஒருவர் கிரீஷ் வியாஸ். பம்பாயில் ரத்த வகை ஆய்வில் தொடங்கி, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இம்யூனோகுளோபுலின் என்னும் நோய் எதிர்ப்புப் புரதங்களின் மரபியலுக்குப் போய்ச் சேர்ந்தவர். பெயர் பெற்ற நோபல் விஞ்ஞானிகளின் வரிசையில் அவர் இல்லை. நம் பத்திரிகைகளிலும் அவரைப் பற்றி அதிகம் படித்த நினைவில்லை. ஆனால், ரத்தம் ஏற்றிக்கொண்டு உயிரோடு வீடு திரும்பியவர்களில் சிலர், தங்களுக்கே தெரியாமல் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

அவர் கதையைச் சொல்ல வேண்டுமானால் 1952-ஆம் ஆண்டுப் பம்பாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரத்த வகை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தரப்பட்டது. ஏ, பி, ஏபி, ஓ. ஓ என்றால் எல்லாருக்கும் கொடுக்கலாம். வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901-இல் தொடங்கிவைத்த கணக்கு இது. ஒருவருடைய சிவப்பணுக்களை இன்னொருவருடைய ரத்த நீரோடு கலந்தால், ஆகாத இடத்தில் அணுக்கள் தயிர் திரிவதுபோலத் திரண்டு நிற்கும். திரண்டால் ஆகாது, திரளாவிட்டால் ஆகும். இன்றும் சோதனையின் அடிப்படை அதுதான்.

பம்பாயில் இந்தக் கணக்கு ஒரு நாள் தப்பியது. சோதனையில் ஓ போலவே காட்டிய சிலருக்கு எந்த ஓ ரத்தத்தைக் கலந்தாலும் திரண்டது. கொடையாளிகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. டாக்டர் பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா ஆகியோர் அந்த மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார்கள். ரேஸ், ரூத் சாங்கர், மார்கன், வின்ஃபிரட் வாட்கின்ஸ் என்று அந்தக் காலத்து ரத்த வகை ஆய்வின் பெரிய பெயர்கள் எல்லாம் சேர்ந்து, 1952-இல் லான்செட் இதழில் ஒரு புதிய ரத்தப் பண்பை அறிவித்தார்கள். அதுதான் இன்று 'பம்பாய் ரத்த வகை' எனப்படுவது. ஊர் மும்பை என்று மாறிவிட்டது, ரத்தம் மட்டும் இன்னும் பம்பாயாகவே இருக்கிறது.

என்ன நடந்தது என்பதை எளிமையாகச் சொல்கிறேன். ஏ, பி என்பவை சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கூறுகள். அவை ஒட்ட ஒரு தளம் வேண்டும். அந்தத் தளத்துக்கு எச் என்று பெயர். ஓ வகைக்காரரிடம் தளம் மட்டும் இருக்கும், மேலே ஒன்றும் இருக்காது. பம்பாய் வகைக்காரரிடம் அந்தத் தளமே இல்லை. ஆகவே ஓ ரத்தம்கூட அவருக்கு அந்நியம். அவருக்கு இன்னொரு பம்பாய்க்காரரின் ரத்தம் மட்டுமே ஏற்றலாம். பம்பாயில் பாட்டியாவும் சாத்தேயும் 1974-இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்த நகரில் 7,600 பேருக்கு ஒருவர்தான் அப்படிப்பட்டவர்.

கொள்ளைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நாம் வைத்திருக்கிறோமே, அதே கொள்ளுதான். அதை ஊறவைத்து எடுத்த சாறு, ஏ வகையின் முதல் உட்பிரிவு ரத்தத்தை மட்டும் பிரித்துத் திரளவைக்கும் என்று, இந்தியாவில் பணியாற்றிய பேர்ட் என்ற ஆய்வாளர் 1951-இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார். உலகெங்கும் ரத்த வங்கிகள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. பாட்டி ரசம் வைத்த தானியம் ஆய்வுக்கூடத்து அலமாரிக்கும் போனது.

இந்தச் சூழலில்தான் 1957-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பம்பாயில் ரத்த வகை ஆய்வு மையத்தைத் தொடங்கியது. இன்று அது தேசிய நோய் எதிர்ப்பு ரத்தவியல் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. வியாஸ் பாட்டியாவோடு சேர்ந்து வேலை பார்த்தார். 1958-இல் அவர் பெயர் முதலாவதாக நிற்க ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. மேற்கு இந்தியாவில் தங்களுக்குள்ளேயே திருமணம் செய்துகொள்ளும் ஆறு குஜராத்திச் சமூகங்களின் ரத்த வகைகள் பற்றியது அது. 1962-இல் குஜராத்தின் பழங்குடியினரைப் பற்றி இன்னொன்று.

ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்குள்ளும் ரத்தக் கணக்கு ஏன் வேறுபடுகிறது? பதில் கல்யாணத்தில் இருக்கிறது. யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள் என்ற பல நூறு வருடக் கணக்கை ரத்தம் எழுதி வைத்திருக்கிறது. நம் லயங்களிலும் அப்படித்தானே. எல்லாரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரே பிரட்டுக்கு நின்றோம். கல்யாணம் என்று வந்தபோது மட்டும் ஊர், உறவு, அத்தை மகன், மாமன் மகள் என்று தேடிப் போனோம். கப்பலேறி வந்தும் கணக்கு மாறவில்லை.

1960-களில் வியாஸ் அமெரிக்கா போனார். சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஹியூ ஃபியூடன்பெர்க் என்ற நோய் எதிர்ப்பியல் அறிஞரோடும், அந்நகரின் இர்வின் நினைவு ரத்த வங்கியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பெர்கின்ஸோடும் சேர்ந்தார். அங்கே ஒரு புதிர் காத்திருந்தது.

ரத்த வகை எல்லாம் சரியாகப் பொருந்தியிருக்கும். ஏ, பி, ஓ சரி, ஆர்எச் சரி, கலந்து பார்த்த சோதனையும் சரி. ஆனாலும் எங்கோ ஒருவருக்கு, சில மில்லிலிட்டர் ரத்தம் உள்ளே போனதும் முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உடனே நிறுத்தி மருந்து கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிவப்பணுவில் குற்றமில்லை என்றால் குற்றம் எங்கே?

அவர்கள் தேடியது சிவப்பணுவைச் சுற்றியிருந்த நீரில். நம் ரத்த நீரில் கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் பல வகை உண்டு. இம்யூனோகுளோபுலின் ஜி, எம், ஏ என்று எழுத்துகளால் அவற்றைக் குறிப்பார்கள். இந்த 'ஏ' ரத்த வகை ஏ அல்ல, பெயர்தான் ஒன்று. எச்சில், குடல், கண்ணீர், பிள்ளை பெற்றதும் சுரக்கும் சீம்பால் ஆகியவற்றில் நிறைந்திருப்பது இந்தப் புரதம்தான். சுருக்கமாக ஐஜிஏ என்போம். சிலருக்குப் பிறவியிலேயே அது இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அது தெரியாமலேயே நன்றாக வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர்களில் சிலரின் உடம்பு, ஐஜிஏ-வையே பகையாக எண்ணி அதற்கு எதிரான பொருளை உண்டாக்கி வைத்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு வேறொருவரின் ரத்தத்தை ஏற்றினால், அதோடு வரும் ஐஜிஏ-வின் மேல் உடம்பு பாய்ந்துவிடும். 1968-இல் வியாஸ், பெர்கின்ஸ், ஃபியூடன்பெர்க் மூவரும் லான்செட்டில் இதை எழுதினார்கள்.

அவர்கள் கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. குரோமிக் குளோரைடு என்ற உப்பைக் கொண்டு ஐஜிஏ புரதத்தைச் சிவப்பணுக்களின் மேல் ஒட்டவைத்தார்கள். பிறகு நோயாளியின் ரத்த நீரை அதில் விட்டார்கள். அணுக்கள் திரண்டால், நோயாளியின் நீரில் ஐஜிஏ-வுக்கு எதிரான பொருள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புரதச் சண்டையை, கண்ணால் பார்க்கும் பழைய திரளலாக மாற்றிவிட்டார்கள். பம்பாயில் வருடக்கணக்காகத் திரளுகிறதா, திரளவில்லையா என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பொருத்தமான வேலை.

அடுத்த வருடம் இன்னும் ஒரு படி. ஐஜிஏ உடம்பில் போதிய அளவு இருப்பவர்களிலும் சிலருக்கு ஐஜிஏ எதிர்ப்பு காணப்பட்டது. தன்னிடம் இருப்பதையே ஒருவர் எப்படி எதிர்ப்பார்? ஐஜிஏ எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் விடை. ரத்த வகையில் ஏ, பி இருப்பதுபோல ஐஜிஏ-விலும் பரம்பரையாக வரும் வகைகள் உண்டு. இல்லாத வகை உள்ளே வந்தால் உடம்பு எதிர்க்கும். 1969-இல் வியாஸும் ஃபியூடன்பெர்க்கும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் இதை 'ஏஎம் ஒன்று' என்ற பெயரில் அறிவித்தார்கள். ஐஜிஏ-வில் கண்டறியப்பட்ட முதல் மரபு அடையாளம் அது. ஐஜிஜி-க்கு இப்படி ஓர் அடையாளம் உண்டு என்பதை ஸ்வீடனில் ரூனே கிரப் 1956-இலேயே கண்டிருந்தார். ஐஜிஏ-வுக்கு 13 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியரில் அநேகமாக எல்லாருக்கும் இருக்கும் 'ஏஎம் ஒன்று', ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் கிழக்காசிய மக்களிடமும் அவ்வளவு பரவலாக இல்லை. மறுபடியும் கல்யாணக் கணக்குதான்.

கட்டுரை வந்துவிட்டது, பெயரும் கிடைத்துவிட்டது. பலர் அதோடு அடுத்த ஆய்வுக்குப் போய்விடுவார்கள். வியாஸும் பெர்கின்ஸும் போகவில்லை. காரணம் தெரிந்துவிட்டது, சரி, அந்த நோயாளிக்கு நாளை ரத்தம் வேண்டுமானால் யார் கொடுப்பது? ஒரு வழி, சிவப்பணுக்களை உப்பு நீரில் பலமுறை கழுவிப் புரதத்தை நீக்கிவிட்டு ஏற்றுவது. ஆனால் ரத்த நீரே தேவைப்படும் நோயாளிக்கு அந்த வழி உதவாது. அவருக்கு ஐஜிஏ இல்லாத ஆரோக்கியமான ஆட்களே வேண்டும். அவர்களோ தங்களுக்கு அது இல்லை என்று அறியாமல் வெளியே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே தேடினார்கள். 70,000-க்கும் மேற்பட்ட ரத்தக் கொடையாளிகளின் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஐஜிஏ இல்லாதவர்கள் சிலர் அகப்பட்டார்கள். 1975-இல் வெளிவந்த அந்த ஆய்வு, பெரிய தத்துவம் எதையும் சொல்லவில்லை. எழுபதாயிரம் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்த சலிப்பான வேலை அது. வியாஸின் வேலைகளிலேயே எனக்கு மிகப் பெரியதாகப் படுவது அதுதான். நோயாளி வந்து படுத்த பிறகு ஓடுவதற்குப் பதிலாக, அவர் வருவதற்கு முன்பே கொடையாளியைத் தேடிக் குறித்து வைத்தார்கள்.

(படிக்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம். ஐஜிஏ காரணமாக ரத்தம் ஆகாமல் போவது மிகமிக அபூர்வம். ஆசியாவில், குறிப்பாக ஜப்பானியரிடம், ஐஜிஏ இல்லாத ஆட்களே வெகு குறைவு.)

இதற்கிடையில் அதே திரளல் உத்தியை அவர் மஞ்சள் காமாலைப் பக்கமும் திருப்பினார். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குச் சில மாதம் கழித்துக் காமாலை வருவது அந்தக் காலத்தில் சாதாரணம். ஹெபடைட்டிஸ் பி கிருமியின் அடையாளத்தை புளூம்பர்க் 1965-இல் அறிவித்திருந்தார். கொடையாளியின் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று நுட்பமாகப் பார்க்க வழி வேண்டியிருந்தது. 1970-இல் வியாஸும் ஷுல்மனும் சயன்ஸ் இதழில், சிவப்பணுத் திரளலைக் கொண்டே அதைக் காணும் முறையை வெளியிட்டார்கள். அதன் பிறகு அவருடைய கவனம் பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் பக்கம் போயிற்று. 1972-லும் 1978-லும் அந்தத் துறையின் பெரிய மாநாட்டுத் தொகுப்புகளைப் பதிப்பித்தவர்களில் அவரும் ஒருவர்.

சான் பிரான்சிஸ்கோ எங்கே, அம்பாங்கான் எங்கே என்று தோன்றலாம். இந்த ஆய்வுகள் நம் மண்ணையும் தொட்டிருக்கின்றன. அதே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹூப்பர் நிறுவனம், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தோடு சேர்ந்து இங்கே வேலை செய்தது. அதில் லீ இன்ஜோ லுவான் எங் என்ற பெண் விஞ்ஞானி ஒராங் அஸ்லி மக்களின் ரத்தத்தை ஆராய்ந்தார். அவர்களில் பலருக்குச் சிவப்பணு வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருப்பதை 1965-இல் அவர் எழுதினார். அந்த வடிவம் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பது பிறகு தெரியவந்தது. நம் டிரசர் விரலைக் குத்தி எடுத்த சொட்டில் தேடிய அதே மலேரியா. இம்யூனோகுளோபுலின் மரபியலில் பெயர் பெற்ற ஆர்தர் ஸ்டைன்பெர்க்கோடு சேர்ந்து, 1972-இல் ஒராங் அஸ்லி மக்களின் ஐஜிஜி வகைகளையும் அவர் வெளியிட்டார்.

நமக்கு வருவோம். ஆர்எச் நெகட்டிவ் உள்ள ஒரு தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால், பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் கலக்கும். தாயின் உடம்பு அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த பிள்ளையைத்தான் அது தாக்கும். தோட்டத்தில் 'அவளுக்கு முதல் பிள்ளைதான் தங்கும்' என்று சில பெண்களைப் பற்றிப் பேசுவார்கள். தோஷம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஆர்எச் நெகட்டிவ் இருந்ததோ. 1968 முதல் இதற்கு ஊசி மருந்து இருக்கிறது. பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் போட்டுவிட்டால் தாயின் உடம்பு எதிர்க்கக் கற்றுக்கொள்வதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அந்த ஊசியில் இருப்பதும் ஓர் இம்யூனோகுளோபுலின்தான், ஆர்எச் எதிர்ப்பு உள்ள கொடையாளிகளின் ரத்த நீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கர்ப்பமான முதல் மாதங்களிலேயே ரத்த வகை பார்ப்பது இதற்காகவும்தான்.

பம்பாய் வகை இன்னும் அபூர்வம். தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மறைவான மரபணு இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். அத்தை, மாமன் வழியில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவரவர் வழக்கம். ஆனால் அதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. ஒருவருக்குப் பம்பாய் வகை என்று தெரிந்தால், அவருடைய கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஊரெல்லாம் தேடுவதற்கு முன் அண்ணன் தம்பி, அக்கா தங்கையைச் சோதித்தால் கொடையாளி கிடைக்கலாம். ஆர்எச் நெகட்டிவுக்கும் அப்படியே. முகாமில் தாதி சொந்தக்காரர்களை ஏன் விசாரித்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சிக்கல் என்னவென்றால், நம் சொந்தங்கள் இப்போது ஒரே லயத்தில் இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஒருவர் கிள்ளானில், ஒருவர் ஜொகூரில், ஒருவர் சிங்கப்பூரில். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் கூடுகிறோம். கூடும்போது யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்றெல்லாம் பேசுகிறோம், ரத்த வகையைப் பேசுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டு அக்காவுக்கு ஓ நெகட்டிவ். இரண்டாவது பிரசவத்தின்போது தெரியவந்தது. அவருடைய தம்பிக்கும் அதே என்று பிறகு தெரிந்தது. தம்பி லாரி ஓட்டுகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், இருவரும் நாள் பேசிக்கொண்டு ஒன்றாகப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். போன தடவை முகாமுக்கு நானும் அவர்களோடுதான் போனேன். தாதி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் விழித்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா என் தோளைத் தட்டி, "உன் சித்தப்பா பிள்ளைகளுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றார். அன்று இரவே கேட்டேன். ஐந்து பேரில் மூவருக்குத் தங்கள் ரத்த வகையே தெரியவில்லை.